ஊர்ப் பஞ்சாயத்து கூப்பிட்டால்: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காசிமேட்டில் ஆரம்பித்து திருவொற்றியூர் குப்பங்கள் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை, ஒரு தகராறு என்றால் அன்று சாயங்காலமே கோயில் வாசலிலோ வலை பின்னுகிற கூடத்திலோ பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். நிர்வாகிகள் உட்காருவார்கள், இரண்டு தரப்பும் நிற்கும். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. அறுந்த வலைக்கு யார் பணம் தருவது, கரையில் படகு நிறுத்துகிற இடம் யாருக்கு, ஏலத்தில் எடுத்த மீனுக்குப் பாக்கி எவ்வளவு என்பது போன்ற வழக்கெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். மறுநாள் விடிகாலையில் இரண்டு பேரும் ஒரே கரையிலிருந்துதான் படகு தள்ள வேண்டும். சண்டை வளராமல் முடிவது இருவருக்கும் நல்லது. கோர்ட்டால் தர முடியாத நன்மை இது. ஊர்ப் பஞ்சாயத்தையே ஒழிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை.

ஆனால் அடித்த கணவனோடு மனைவியைச் "சேர்த்து" அனுப்புவதும் அதே நாற்காலிகள்தான். பிடித்தவனைக் கட்டிய பெண்ணின் அப்பாவுக்கு அபராதம் போடுவதும், கட்ட முடியாத குடும்பத்தை ஊரை விட்டுத் தள்ளிவைப்பதும் அங்கேதான் நடக்கிறது. எது சமரசம், எது உரிமை மீறல் என்று பிரிக்க மூன்று கேள்விகள் போதும். இரண்டு தரப்பும் விரும்பி வந்தார்களா? "எனக்கு இது ஒத்துவராது" என்று எழுந்து போக முடியுமா? போனபின் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் தடையில்லாமல் போகலாமா? ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் அது சமரசம் அல்ல, மிரட்டல். ஐ.நா. மனித உரிமைக் குழு 2007இல் தந்த 32ஆம் பொதுக் கருத்தும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: வழக்காற்று மன்றங்களின் தீர்ப்பை அரசு ஏற்க வேண்டுமானால், அவை சிறிய விவகாரங்களோடு நிற்க வேண்டும், நியாயமான விசாரணையின் அடிப்படைகளைக் காக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் அந்தத் தீர்ப்பை எதிர்த்து முறையிட வழி இருக்க வேண்டும்.

கூப்பிடுவது யார்?

எல்லாவற்றையும் "பஞ்சாயத்து" என்றே சொல்கிறோம். முதல் குழப்பம் அங்கேதான் வருகிறது. ஊர் நிர்வாகம், சங்கம், ஜமாத், சர்ச் கமிட்டி எல்லாம் ஒரு வகை. அவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். "அண்ணன் பேசணும்னாரு, ஆபீசுக்கு வா" என்று ஆள் அனுப்புவது இன்னொரு வகை. வீடு காலி செய்வது, தண்டல் பாக்கி, சொத்துத் தகராறு என்று பணம் புழங்குகிற இடத்தில்தான் இது தலைகாட்டும். வசூலாகிற தொகையில் பங்கு கேட்டால் அது கட்டப்பஞ்சாயத்து, சந்தேகமே வேண்டாம். போகாதீர்கள். கூப்பிட்ட எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதமானது, அதை ஒடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. ஃபத்வாவுக்கு (இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு) சட்டபூர்வக் கட்டாயம் கிடையாது என்று 2014இல் விஸ்வ லோசன் மதன் வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் குலா (முஸ்லிம் மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) சான்றிதழ் தர முடியாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. அறிவுரை சொல்ல யாருக்கும் தடையில்லை. கட்டளையிட அவர்களில் யாருக்கும் அதிகாரம் கிடையாது.

அங்கே பேசவே கூடாதவை

18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மீதான பாலியல் குற்றம் எதுவாக இருந்தாலும் ஊரில் பேசக் கூடாது. "பொண்ணு பேரு கெட்டுடும், பையன் வீட்டுல பணம் வாங்கிக்கலாம்" என்று முடித்துவைக்கிறவர்களே போக்சோ சட்டத்தின் 19, 21ஆம் பிரிவுகளில் மாட்டுவார்கள். தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பெரியவர்கள் மீதான பாலியல் வன்முறை, சந்தேக மரணம், ஆயுதத்தால் தாக்கியது, சாதிக் கொடுமை, குழந்தைத் திருமணம் இவற்றையும் ஊரில் பேசக் கூடாது. குழந்தை விஷயத்துக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112.

அடிபட்டிருந்தால் பஞ்சாயத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் ஸ்டான்லிதான். அவசரப் பிரிவில் டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதுவார். நேரம், இடம், யார், எதனால் அடித்தார் என்று அங்கேயே சொல்லுங்கள். அவமானத்திலோ, கூட வந்தவர் சொல்லிக்கொடுத்தோ "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால், எட்டு மாதம் கழித்து கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். சிகிச்சை தர எஃப்.ஐ.ஆர். கேட்கக் கூடாது. ஏ.ஆர். எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போவது என்று முடிவெடுத்தால்

சின்ன விவகாரம், நம்பிக்கையான பெரியவர்கள் என்றால் போகலாம். தனியாக மட்டும் போகாதீர்கள். உங்களுக்காகப் பேசக்கூடியவர் ஒருவர், பேசாமல் கவனித்து நடந்ததை எழுதிக்கொள்ள ஒருவர், இந்த இரண்டு பேர் வேண்டும். என்ன புகார் என்று முன்கூட்டியே கேளுங்கள். கூட்டத்துக்கு நடுவில் நிற்கும்போதுதான் குற்றச்சாட்டையே முதன்முதலாகக் கேட்கிற நிலை வந்தால், "நாளைக்குப் பதில் சொல்றேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பெண்கள் விஷயத்தில் ஒன்றை உடைத்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரையில் ஊர் வரி ஆண் தலைக்கட்டுக் கணக்கில்தான் போகிறது. வரி கட்டுகிறவருக்கே சபையில் பேச்சு. மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்குகிற பெண்ணுக்காக அவள் அண்ணனோ மாமனோ பேசுவார், அவள் தூரத்தில் சுவரோரம் நிற்பாள். தன் வழக்கில் தானே பேச முடியாத இடத்தில் சொல்லப்படுகிற முடிவை நியாயமான விசாரணை என்று யாரும் சொல்ல முடியாது. "நானே பேசுகிறேன், என் பக்கத்தில் இரண்டு பெண்கள் உட்காருவார்கள்" என்று முதலிலேயே கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

கையெழுத்து

அதிகமான கேடு பேச்சில் வருவதில்லை, தாளில்தான் வருகிறது. வெற்றுத் தாளிலோ, எழுதாத பத்திரத் தாளிலோ கையெழுத்தும் கைநாட்டும் போடவே கூடாது. படிக்கத் தெரியாதவருக்கு அவர் பக்கத்து ஆள் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் மை. "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு நாளைக்குத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பிரதி கேளுங்கள், கைபேசியில் படமாவது எடுங்கள். பிரதி தர மறுக்கிற தாள் உங்கள் நன்மைக்கு எழுதப்பட்டதல்ல.

புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் எழுதுகிற "அத்துவிட்ட" (உறவை அறுத்துவிட்ட) தாளைக் கிட்டத்தில் பார்ப்போம். அதில் பெரும்பாலும் மூன்று வரி இருக்கும். "இன்று முதல் எங்களுக்குள் கணவன் மனைவி உறவு இல்லை" என்பது ஒன்று. வழக்காற்று விவாகரத்தை இந்து திருமணச் சட்டம் 29(2) ஒதுக்கிவிடவில்லைதான். ஆனால் உங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு அந்த வழக்கம் இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அது லேசில் முடியாது. நிரூபிக்க முடியாவிட்டால் கல்யாணம் அப்படியே இருக்கிறது. தாளை நம்பி மறுகல்யாணம் செய்தவர் இருதார வழக்கில் நிற்பார், அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. "இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்" என்பது இரண்டாவது வரி. அது செல்லாது. அந்த உரிமையை எழுதிக் கொடுத்து இழக்க முடியாது. ஆபத்தான வரி மூன்றாவதுதான், பார்வைக்குச் சாதுவாக இருக்கும்: "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்." குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 144ஆம் பிரிவின்படி, பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது. அடிக்குப் பயந்து தாய்வீட்டுக்கு வந்தவள் இந்த வரிக்குக் கீழே கைநாட்டு வைத்தால், தன் சோற்றில் தானே மண் போட்டுக்கொள்கிறாள். "கொடுமை தாங்காமல் பிரிந்து வந்திருக்கிறேன்" என்று எழுதச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்படியானால் கையெழுத்து வேண்டாம்.

நகை, பாத்திரம், பைக் திரும்ப வாங்கினால் பட்டியல் போடுங்கள். "நகைகள் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதாமல், எத்தனை கிராம் சங்கிலி, எத்தனை ஜோடி கம்மல் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். வராதவற்றையும் கீழே "பாக்கி" என்று குறியுங்கள்.

மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களா? அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, "இன்ன நாளில், இன்னார் மிரட்டியதால் கையெழுத்துப் போட்டேன், எனக்குச் சம்மதமில்லை" என்று எழுதி நிர்வாகிகளுக்கும் காவல் துறைக்கும் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யோசித்துச் சொல்கிற கதையாகப் பார்ப்பார்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஊரை விட்டுத் தள்ளிவைத்தால்

தள்ளிவைப்பதற்கு யாரும் கை ஓங்க வேண்டியதில்லை. கடைக்காரர் சாமான் தர மாட்டார், ஏலக்காரர் மீனை எடுக்க மாட்டார், ஐஸ் கிடைக்காது. பேசுகிறவருக்கும் அபராதம் என்று சொல்லிவிட்டால் அக்கா தங்கையே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வீட்டில் சாவு விழுந்தால் தூக்க நாலு பேர் வர மாட்டார்கள். கடலை நம்பிப் பிழைக்கிற குடும்பத்துக்கு இது பட்டினித் தண்டனை.

மகாராஷ்டிரம் 2016இல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, தள்ளிவைத்தவர்கள் அப்படி இல்லாவிட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(இசட்.சி.) சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்குகிறது. முதல்கட்ட விசாரணை என்று இழுக்காமல் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். ஒரே சமூகத்துக்குள் நடந்தால் இந்தச் சட்டம் உதவாது. அப்போது "தள்ளிவைத்தார்கள்" என்ற ஒரே சொல்லில் புகார் எழுதினால் ஸ்டேஷனில் "இது உங்க ஊர் விஷயம்பா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தள்ளிவைப்பை அதற்குள் இருக்கும் செயல்களாகப் பிரித்து எழுத வேண்டும். இப்படி:

"12ஆம் தேதி மாலை 6.30 மணிக்குக் கோயில் வாசலில் கூட்டம் நடந்தது. அ, ஆ, இ இருந்தனர். 50,000 ரூபாய் அபராதம் கட்டாவிட்டால் படகு இறக்கக் கூடாது, மீறினால் படகு இருக்காது என்று அ சொன்னார். பயந்துபோய் 20,000 ரூபாயை இ கையில் கொடுத்தேன். மீதியைக் கட்டாததால் மறுநாள் காலை 4 மணிக்கு ஆவும் இயும் என்னைக் கரையில் வழிமறித்தனர்."

இந்த ஐந்து வரியில் இரண்டு குற்றம் இருக்கிறது. பயமுறுத்திப் பணம் பறித்தது, தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.இன் 308ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை தண்டனை. போக உரிமையுள்ள வழியில் போக விடாமல் தடுத்தது பி.என்.எஸ். 126. "பயந்துபோய்" என்ற சொல்லை விட்டுவிட்டால், நீங்களாக விரும்பிக் கொடுத்ததாக ஆகிவிடும். பணம் கைமாறாமல் போனாலும், மிரட்டிக் கேட்டதற்குத் தனிப் பிரிவு அதே 308இல் இருக்கிறது. "ஊர் என்னைக் கேவலப்படுத்திவிட்டது" என்பது உண்மைதான், வலியும் உண்மைதான். ஆனால் அந்த வரியை வைத்து எஃப்.ஐ.ஆர். போட முடியாது.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நாள்வாரியாக எழுதுங்கள்: எந்தக் கடை, யார் மறுத்தார், பக்கத்தில் யார் இருந்தார், அன்று எவ்வளவு மீன் விலை போகாமல் கெட்டது. வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பையும் குரல் பதிவையும் அழிக்காதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள். அது வந்த போனையே வைத்திருங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும், போன் இல்லாமல் அது சிக்கல்.

அரசு தருகிற எதையும் நிறுத்த ஊருக்கு அதிகாரம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்கால நிவாரணம், 2023 டிசம்பர் எண்ணூர் எண்ணெய்க் கசிவுக்குப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என அறிவித்தது போன்ற உதவிகள் எல்லாம் அரசுக்கும் உங்களுக்கும் இடையில். பட்டியலில் பெயர் விட்டுப்போனால் மீன்வளத் துறைக்கும், ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும் மனு கொடுத்து எண் வாங்குங்கள்.

சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களுக்கு: 2018இல் சக்தி வாஹினி வழக்கில், வயது வந்த இருவரின் கல்யாணத்தில் எந்தக் கூட்டமும் தலையிடக் கூடாது, மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் பாதுகாப்பான தங்குமிடமும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வயதுச் சான்று, திருமணப் பதிவு, மிரட்டியவர்கள் பெயர் மூன்றையும் எடுத்துக்கொண்டு வேப்பேரி கமிஷனர் ஆபீசில் நேராகக் கொடுங்கள். "இரண்டு வீட்டையும் கூப்பிட்டுப் பேசலாம்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

புகார் கொடுக்கும் வரிசை

ஸ்டேஷனில் மனு கொடுத்தால் முதலில் கைக்கு வருவது சி.எஸ்.ஆர். சீட்டு. மனு வாங்கியதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் புலன்விசாரணை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களில், மேலதிகாரி அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்யலாம். 308இன் பணப்பறிப்பு ஏழு ஆண்டு வரை போவதால் அந்தச் சாக்கு அதற்குப் பொருந்தாது. எல்லை எங்களுடையதல்ல என்றும் திருப்பக் கூடாது, எந்த ஸ்டேஷனிலும் பதிந்து மாற்றலாம். எஃப்.ஐ.ஆர். பிரதி இலவசம்.

பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை பி.என்.எஸ்.எஸ். 173(4)இன்படி துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். வடகோடியில் சில ஸ்டேஷன்கள் 2022 முதல் ஆவடி கமிஷனரேட்டுக்குக் கீழே போய்விட்டன. உங்கள் ஸ்டேஷன் எதற்குக் கீழே என்று பார்த்து அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் அதே சட்டத்தின் 175(3) மனு, பிரமாணப் பத்திரத்தோடு. முந்தைய இரண்டு படிக்கும் ரசீது இல்லாத மனு அங்கே நிற்காது. பலர் தோற்பது இந்த இடத்தில்தான், வழக்கு பலவீனமாக இருப்பதால் அல்ல.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், தொலைபேசி 15100. மனித உரிமை ஆணையத்துக்கு மனு எழுதும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: ஊர் நிர்வாகி மேல் எழுதுகிறார்கள். ஆணையம் பார்ப்பது அரசு ஊழியரின் மீறலை, அல்லது மீறலைத் தடுக்காத அவரது அலட்சியத்தை. ஆகவே புகாரை வாங்காத ஸ்டேஷனைப் பற்றி எழுதுங்கள், நடந்து ஓராண்டுக்குள்.

ஸ்டேஷனே பஞ்சாயத்து நடத்தினால்

கடன், வாடகை, சொத்துப் பிரிவினை எல்லாம் சிவில் விவகாரம். "ரெண்டு பேரும் பேசி எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று ராத்திரி பத்து மணி வரை உட்கார வைக்க ஸ்டேஷனுக்கு உரிமை இல்லை. விசாரணைக்கு எழுத்தில் சம்மன் கேளுங்கள். பெண்களையும், 15 வயதுக்குக் கீழான, 60 வயதுக்கு மேலான ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும் சாட்சியாக விசாரிக்க அவர்கள் வீட்டைத் தவிர வேறு இடத்துக்கு வரச் சொல்லக் கூடாது. மிரட்டி எழுதி வாங்கினால், நேரத்தைக் குறித்து, சி.சி.டி.வி. பதிவைப் பாதுகாக்கச் சொல்லி உடனே துணை ஆணையருக்கு மனு அனுப்புங்கள். 2020இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நிர்வாகிகளாக இருப்பவர்களுக்கு

நல்ல எண்ணத்தோடு உட்காருகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள், தெரியும். நோட்டில் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். புகார், பதில், முடிவு மூன்றையும் எழுதுங்கள். பிரதிவாதிக்கு இரண்டு நாளாவது அவகாசம் கொடுங்கள். ஒரு தரப்புக்கு உறவான நிர்வாகி அன்று எழுந்துவிட வேண்டும். பெண்கள் வழக்கில் பெண்கள் உட்கார வேண்டும், ஓரத்தில் அல்ல, பேசுகிற இடத்தில். அறுந்த வலைக்கு வலையின் விலையை வாங்கிக் கொடுங்கள். அதற்கு மேல் ஊருக்கு என்று தண்டம் வைத்து, கட்டாவிட்டால் தொழிலுக்குப் போகாதே என்றால் நீங்களே குற்றவாளி ஆகிறீர்கள். முடிவின் கீழே "விருப்பமில்லாதவர் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போகலாம், ஊர் தடுக்காது" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

மனமொத்து முடிந்த பண விவகாரம் நாளைக்கு மாறக் கூடாது என்று நினைத்தால், இரண்டு தரப்பையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப்போய், கோர்ட் வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பதிவு செய்யச் சொல்லுங்கள். கட்டணம் இல்லை. அங்கே பதிவாகிற சமரசம் சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பணம் தராதவன் வாசலில் ஊர் போய் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. கோர்ட் அமீனா போவார்.